சார்டின் பின்னால கிளம்புறவங்க பண்ற தப்புகள்

ஜூன் பொறந்தாலே தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நம்ம வீடுகள்ல ஒரே பேச்சுதான், சார்டின் (கூட்டம் கூட்டமா கரைப் பக்கம் வர்ற மத்தி வகை மீன்) வந்தாச்சா? சட்ஸ்வர்த்துல எங்க தெருவுல வாளி, கோணிப்பை எல்லாத்தையும் பக்கி வண்டில (பின்னால திறந்த சின்ன லாரி) ஏத்தி வச்சிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நானும் பல வருஷமா அந்த மீன் பின்னால, டர்பனுக்குத் தெக்கால இருக்கிற சௌத் கோஸ்ட் கரை முழுக்க சுத்திருக்கேன், தேதி குறிக்காம, ராத்திரி எங்க தங்குறோம்னுகூட முடிவு பண்ணாம. அந்த மாதிரி பயணம் எனக்கு வேற எதுலயும் கிடைச்சதில்ல, அதனாலதான் புதுசா போறவங்க ஏமாந்து திரும்புறதப் பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

முதல் தப்பு, சனி ஞாயிறுக்கு ரூம் போட்டுட்டு மீன் வரும்னு காத்திருக்கிறது. சார்டின் வர்றது தேதிய வச்சு இல்ல, தண்ணியோட குளிர்ச்சிய வச்சு. நாட்டோட தெக்கு முனைல, கேப் பக்கத்துல அகுல்ஹாஸ் கடல்ல இருந்து கரைய ஒட்டி ஒடுக்கமா குளிர்ந்த தண்ணி வடக்கால ஏறும், சுமார் 21 டிகிரிக்குக் கீழ இருந்தா அதோட மீனும் ஏறி வரும், சூடா இருந்தா ஆழத்துக்குப் போயிடும், சில வருஷம் நம்ம பீச்சுல ஒண்ணுகூட ஒதுங்காது. அதனால ஒரே ஊர்ல ரூம் போடாதீங்க, முடிஞ்சா ஒரு வாரம் லீவு எடுத்துக்கிட்டு, தங்குற இடத்த அன்னன்னைக்குப் பாத்துக்கோங்க.

அடுத்தது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ட நம்பி ஓடுறது. இதுதான் எல்லாரும் பண்றது. "ஸ்காட்பர்க்ல வலை இழுக்குறாங்களாம்"னு கேட்டு டர்பன்ல இருந்து அடிச்சுப் பிடிச்சு ஓடினா, போய்ச் சேரும்போது மீன் கிரேட் (பெட்டி) எல்லாம் வித்து முடிஞ்சு ஈர மணல்ல செதில் மட்டும் மினுக்கிட்டு கிடக்கும். நீங்க நின்ன இடத்துலயே நின்னு கடலப் பாருங்க. ஒரு நாள் காலைல பார்க் ரைனில அப்படி நின்னப்ப மொதல்ல நாலஞ்சு கேப் கன்னெட் பறவைதான் தெரிஞ்சுது, வெள்ளை ஒடம்பு, மஞ்சள் தல, றெக்கைய பின்னால மடக்கிட்டு ஈட்டி எறிஞ்ச மாதிரி ஒண்ணு விழுந்துச்சு, அப்புறம் அம்பது, அப்புறம் எண்ணவே முடியல, அதுக்குக் கீழ தண்ணில மை கொட்டின மாதிரி கருப்பா ஒரு திட்டு நகர்ந்து வந்துச்சு. அரை மணி நேரத்துல வலைக்காரங்க கயிறு இழுக்க நாங்களும் கை கொடுத்தோம், எங்க சித்தப்பா பேண்ட்டோட தண்ணில நின்னாரு. பறவை எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் மெதுவா போங்க, எந்த வாய்ஸ் நோட்டும் அவ்வளவு சரியா சொல்லாது.

மீன் கரைக்கு வந்ததும் கழுத்தளவு தண்ணில இறங்குறவங்க இருக்காங்க. வேண்டாம். டால்ஃபின், சுறா எல்லாம் கூட்டத்தோடதான் வரும், அதுங்க மாட்டிக்கக் கூடாதுன்னு, குளிக்கிறவங்களக் காக்க கடல்ல போட்டிருக்கிற சுறா வலைய ஷார்க்ஸ் போர்டு அந்த நேரத்துல எடுத்துடுவாங்க, குளிக்கவும் தடை போட்டுடுவாங்க. முழங்கால் அளவு போதும்.

பெரிய தப்பு, இஷ்டத்துக்குப் போறதுன்னா திரும்புறதப் பத்தி யோசிக்கவே கூடாதுன்னு நெனைக்கிறது. 2021ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சி எனக்கு இதப் புரிய வச்சுது. நம்ம கரைக்கு வர்ற சார்டின்ல பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்து குளிர் தண்ணிக்குப் பழகின கூட்டமாம், நடுவுல கொஞ்ச நாள் ஆழத்துல இருந்து மேல வர்ற குளிர்ந்த தண்ணிய நம்பி வடக்கால வந்துட்டு கடைசில இந்தியப் பெருங்கடலோட சூட்டுல மாட்டிக்குதாம். அதே மாசத்துல அதே கடல்ல ஹம்ப்பேக் திமிங்கிலம் அண்டார்டிகால இருந்து மொசாம்பிக் பக்கம் போகுது, குட்டி போட்டுட்டு திரும்பியும் வருது, நவம்பர் வரைக்கும் நம்ம கரைல நின்னே பாக்கலாம்.

நான் ஒரு தடவ தெக்கால போர்ட் எட்வர்ட் ஊரத் தாண்டி வைல்ட் கோஸ்ட் பகுதி உள்ள போயிட்டேன், பெட்ரோல் கால் டேங்க், பின் சீட்ல அம்மா. ஜூன்ல அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். அந்தப் பக்கம் பல இடத்துல ரோட்டுக்கு வேலியே கிடையாது, ஒரு வளைவு திரும்பினா தாரோட சூட்டுக்கு ஒரு மாடு நடு ரோட்டுல படுத்திருக்கு, நல்லவேளை மெதுவா போனேன். அதுல இருந்து பாதி டேங்க் ஆனா திரும்பிடுவேன், மூணு மணிக்கு மேல தெக்கால ஒரு கிலோமீட்டர்கூட போறதில்ல, முன்னால எவ்வளவு பறவை பறந்தாலும் சரி.