நெயில்ஹெட் வாங்கும் முன்

ஹாட் ராடுக்கு, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய காருக்கு, எல்லோரும் செவ்ரோலே (செவி) 350 எஞ்சின் போடும்போது நான் தேடியது ப்யூக் கம்பெனியின் நெயில்ஹெட் எஞ்சின். 1953 முதல் 1966 வரை வந்த வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர்கள். வால்வுகள் செங்குத்தாக நிற்பதால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) குறுகல், 1932 ஃபோர்டின் ஒடுங்கிய முகப்புக்குள் அழகாக உட்காரும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிராங்க்கை (எஞ்சினின் சுழல் தண்டை) இறுகிப் போகாமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அப்புறம் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலின்) பக்கவாட்டை வயர் பிரஷால் தேயுங்கள். தண்ணீரோடு உறைபனியில் கிடந்த பிளாக் அங்கேதான் வெடிக்கும். நான் முதலில் வாங்கியதில் துருவுக்கு அடியில் விரிசல் இருந்தது, மனசே உடைந்துபோனது.

செவி கியர்பாக்ஸ் நேரடியாகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். பிஸ்டன், கேஸ்கெட் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.