டிவிடி எழுதும் மென்பொருள்: டிரைவோடு வருவது போதுமா, தனியாக வாங்க வேண்டுமா?

அக்காவின் மகளுடைய அரங்கேற்றம் பம்பலப்பிட்டியில் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா அழைத்தார். "எனக்கு உந்தப் போனில பார்க்கத் தெரியாது மோனே. டிவிடியில அடிச்சு அனுப்பு." அவரைத் தொடர்ந்து லண்டனில் சித்தி கேட்டார், டொரோண்டோவில் மாமா கேட்டார். கடைசியில் 14 வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கு வந்தது.

மேசைக் கணினியில் இருந்த பழைய டிரைவ் எப்போதோ பழுதாகியிருந்தது. யுனிட்டி பிளாசாவுக்குப் போய் யுஎஸ்பியில் பொருத்தும் மெல்லிய டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். பழைய டிரைவோடு கிடைத்த மென்பொருள் கணினியிலேயே இருந்ததால் வேறு எதுவும் வாங்கவில்லை. அதைத் திறந்தால், எழுதக்கூடிய டிரைவ் எதுவும் இல்லை என்கிறது. விண்டோஸுக்கு டிரைவ் தெரிகிறது. டிஸ்க்கைப் போட்டால் படிக்கிறது. இந்த மென்பொருளுக்கு மட்டும் கண் தெரியவில்லை. இரண்டு நாள் கேபிளையும் யுஎஸ்பி வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

டிரைவோடு இனாமாக வரும் பதிப்புகள் பல, எந்த நிறுவனத்தின் டிரைவோடு வந்தனவோ அந்த டிரைவுக்கு மட்டுமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டவை. கடைக்காரர்கள் இதை ஓஈஎம் பதிப்பு என்பார்கள். நீரோ, சைபர்லிங்க் பவர்டூகோ, ரொக்சியோ போன்ற பெயர்களில் தனியாக விற்கும் முழுப் பதிப்பும் உண்டு, டிரைவோடோ கணினியோடோ சேர்த்துக் கொடுக்கும் குறைத்த பதிப்பும் உண்டு. முகப்பும் பொத்தான்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருப்பதுதான் வேறு. நீரோவில் அந்தச் சிறிய பதிப்புக்கு எசென்ஷியல்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மென்பொருளை எப்படி நிறுவுவது என்று நான் விளக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததே. எதை எடுப்பது என்று முடிவு செய்வதுதான் இங்கே பேச்சு.

முதலில்: அந்த டிஸ்க்கை யார், எதில் போட்டுப் பார்ப்பார்கள்?

மென்பொருளைத் தேடுவதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும். படங்களையும் ஆவணங்களையும் டிஸ்க்கில் போட்டு வைப்பதுதான் உங்கள் தேவை என்றால் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியில் சிடி எழுதும் வசதி மட்டும் இருந்தது. விஸ்டாவில் டிவிடியும் வந்தது. விண்டோஸ் 7 முதல், ஐஎஸ்ஓ கோப்பின் (ஒரு முழு டிஸ்க்கின் உள்ளடக்கத்தை ஒரே கோப்பாக வைத்திருப்பது) மேல் வலது கிளிக் செய்தாலே டிஸ்க்கில் எழுதிக் கொடுக்கும். பாட்டு சிடிக்கு விண்டோஸ் மீடியா பிளேயர் போதும். ஒரு சிடியில் 80 நிமிடம், அவ்வளவுதான் கணக்கு.

வெறும் டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி பென் போலப் பயன்படுத்துவதா, சிடி டிவிடி பிளேயருக்காகவா? இதில் இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். முதலாவதில் எழுதிய டிஸ்க்கைக் கணினி திறக்கும், வீட்டு பிளேயர் பெரும்பாலும் திறக்காது.

டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பிளேயரில் போட்டுப் பார்ப்பதற்கான டிவிடி என்றால் கதை வேறு. போனிலும் கமெராவிலும் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் அது தரவு டிஸ்க்தான். பெரியம்மா வீட்டில் இருப்பது போன்ற பழைய பிளேயருக்கு, டிவிடிக்கான எம்பெக்-2 என்ற வீடியோ வடிவில் மாற்றி, வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் கோப்புகளாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். இந்த மாற்றும் வேலையை உங்கள் மென்பொருள் செய்யுமா என்பதை வைத்துத்தான் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதே முடிவாகும்.

விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் டிவிடி மேக்கர் என்று ஒன்று இதற்காகவே இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று புது மடிக்கணினி வைத்திருப்பவர்களும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

பழைய மென்பொருள் டிரைவுக்குப் பூட்டப்பட்டது என்று தெரிந்ததும், காலி வீதியில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைத் தம்பி லாச்சியைத் திறந்து வெள்ளைக் கடதாசி உறையில் ஒரு டிஸ்க்கை எடுத்துத் தந்தார். "ஒரிஜினல்தான் அண்ணை, பெட்டிதான் இல்லை." தொடர் எண்ணும் உறையின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. பெட்டியில் வரும் பதிப்பைவிட விலை மிகக் குறைவு. வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிறுவியது, திறந்தது, இந்த முறை டிரைவும் தெரிந்தது. டிவிடி வீடியோ என்ற பொத்தானும் இருந்தது. 3 மணி 10 நிமிட நிகழ்ச்சியைச் சேர்த்து, தலைப்புப் படம் போட்டு, ஒவ்வொரு உருப்படிக்கும் அத்தியாயம் பிரித்து, ஒரு மாலைப் பொழுது முழுவதையும் அதற்குக் கொடுத்தேன். கடைசியில் "எழுது" என்று அழுத்தியபோது ஒரு பெட்டி வந்தது: இந்த வசதி உங்கள் பதிப்பில் இல்லை, மேம்படுத்த இங்கே வாங்குங்கள். அதுவரை ஒரு சொல் சொல்லவில்லை. செய்த வேலையை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை.

பிறகுதான் உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். தொடர் எண்ணுக்குக் கீழே, மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், புதிய வன்பொருளோடு சேர்த்து மட்டுமே வழங்கலாம், தனியாக விற்கக் கூடாது என்று இருந்தது. 'நொட் ஃபோர் ரீசேல்' என்ற வரி உறையிலோ டிஸ்க்கிலோ கண்ணில் பட்டால் அது கூட வரும் பதிப்பு என்று உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் என்று அந்தத் தம்பி சொன்னது பொய்யல்ல. ஆனால் அது வேறொருவருடைய டிரைவோடு வந்திருக்க வேண்டிய ஒரிஜினல்.

இனாம் பதிப்பில் இந்த வசதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எம்பெக்-2 தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை இருந்தது. மென்பொருளின் ஒவ்வொரு பிரதிக்கும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. டொல்பி ஒலிக்கு வேறு கட்டணம். டிரைவோடு சில சதத்துக்குக் கொடுக்கும் டிஸ்க்கில் அதெல்லாம் கட்டி வராது. அமெரிக்காவில் எம்பெக்-2இன் கடைசிக் காப்புரிமை 2018இல் முடிந்துவிட்டது. ஆனால் லாச்சிக்குள் கிடப்பவை அதற்கு முந்தியவை, அவை மாறப்போவதில்லை.

காசு கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்

இதை அன்றே செய்திருந்தால் எனக்கு ஒரு மாலை மிஞ்சியிருக்கும். கையில் இருப்பது எந்தப் பதிப்பாக இருந்தாலும், முழு வீடியோவைச் சேர்க்காதீர்கள். போனில் எடுத்த 2 நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் டிவிடி வீடியோ பகுதியில் சேருங்கள். எழுதும் இடமாக டிரைவைக் காட்டாமல் ஐஎஸ்ஓ கோப்பு என்றோ கோப்புறை என்றோ தெரிவு செய்யுங்கள். அப்போது டிஸ்க்கும் வீணாகாது. கடைசிப் பொத்தான் வரை போங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "வேலை செய்கிறது" என்று நினைக்க வேண்டாம், பூட்டு கடைசி வாசலில்தான் இருக்கும்.

வந்த ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். படத்தோடு சத்தமும் வர வேண்டும். மூலையில் மென்பொருளின் பெயர் முத்திரையாக விழுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள், சோதனைப் பதிப்புகளில் அப்படி வருவதுண்டு. எல்லாம் சரி என்றால் டிரைவோடு வந்ததே உங்களுக்குப் போதும். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

சோதனையில் தோற்றால் உடனே தனிப் பதிப்பை வாங்க ஓடவும் வேண்டாம். நான் கடைசியில் 14 வீட்டுப் பிரதிகளையும் முடித்தது இரண்டு இலவச மென்பொருட்களால். டிவிடிஸ்டைலர் வீடியோவை மாற்றி, தலைப்புப் பக்கம் அமைத்து, ஐஎஸ்ஓவாகத் தரும். இம்ஜ்பேர்ன் அதை டிஸ்க்கில் எழுதும். இம்ஜ்பேர்னின் கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013இல் வந்தது. அதற்குப் பின் புதிதாக எதுவும் வரவில்லை என்றாலும் என் விண்டோஸ் 11இல் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. எழுதி முடித்தபின் டிஸ்க்கைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அது எனக்குப் பிடிக்கும். ஆனால் நிறுவும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வாசியுங்கள். கேட்காத வேறு மென்பொருளையும் சேர்த்து நிறுவச் சொல்லும் பக்கம் வரலாம், அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் தனிப் பதிப்பை யார் வாங்க வேண்டும்? கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வாரம் ஒன்றாவது எழுதிக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் வாங்கலாம். டிரைவ் பழுதாகி மாற்றினாலும் மென்பொருள் அவர்களோடு இருக்கும், சிக்கல் என்றால் கேட்க ஆள் உண்டு. ப்ளூரேயில் வீடியோ எழுதுபவர்களும் வாங்கலாம். வாங்கும்போது ஒருமுறைக் கட்டணமா, வருடா வருடம் கட்டுவதா என்று பாருங்கள். மேம்படுத்தல் விலை என்று குறைத்துக் காட்டினால், அதற்குப் பழைய பதிப்பின் எண் தேவையா, புதியது எந்த டிரைவிலும் ஓடுமா என்று கேட்ட பிறகே அட்டையை எடுங்கள்.

எழுதும்போது

4.7 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 4.38 என்று காட்டும். டிஸ்க்கில் குறை இல்லை, எண்ணும் முறை வேறு. 3 மணி நேரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சியை ஒரே டிஸ்க்கில் அடக்கினால் படத்துக்கு வினாடிக்கு 3 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். ஜதி வேகமாகும்போது பாதங்கள் கட்டம் கட்டமாகக் கலங்கிப் போகின்றன. அத்தனை மாதப் பயிற்சியை அப்படிப் பார்க்க மனம் வரவில்லை. அலாரிப்பு முதல் வர்ணம் வரை ஒரு டிஸ்க், பதம் முதல் தில்லானா வரை இன்னொன்று என்று பிரித்தேன். வினாடிக்கு 6 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்தது, கால் விரல்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

டிவிடி-ஆர் டிஸ்க் வாங்குங்கள். பழைய பிளேயர்கள் டிவிடி+ஆர் என்ற பிளஸ் வகையைவிட இதை எளிதாக ஏற்கின்றன. வேகத்தை 4எக்ஸில் வையுங்கள், அவசரம் வேண்டாம்.

பிற்சேர்க்கை 1

டொரோண்டோ மாமாவுக்குப் படம் ஓடவில்லை. டிவிப் படத்துக்கான முறை நாட்டுக்கு நாடு வேறு: நமக்கும் இங்கிலாந்துக்கும் 'பால்' (PAL) முறை, கனடாவுக்கு என்டிஎஸ்சி (NTSC). அங்கேயுள்ள பல பிளேயர்கள் பால் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடும். டிவிடிஸ்டைலரில் புதிய திட்டம் தொடங்கும்போதே வீடியோ வடிவம் கேட்கும். கனடாவுக்கு என்டிஎஸ்சி என்று வைத்து இன்னொரு ஐஎஸ்ஓ செய்தேன். ஒலியை ஏசி3 (டொல்பி ஒலி வடிவம்) என்று வையுங்கள், அது இரண்டு முறைக்கும் பொது. கடையில் விற்கும் பட டிவிடிகளைக் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் ஓடவிடும் பிராந்தியப் பூட்டைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு அந்தப் பூட்டே கிடையாது.

பிற்சேர்க்கை 2

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், எழுதுவது பாதியில் நிற்கிறது, மென்பொருளை மாற்றியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தார். டிரைவை எதில் பொருத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மின்சாரம் தனியாக இல்லாத சிறிய யுஎஸ்பி ஹப் ஒன்றில், அதுவும் கீபோர்ட், மவுஸோடு சேர்த்து. எழுதும்போது டிரைவ் இழுக்கும் மின்சாரத்துக்கு அது போதாது. டிரைவின் பெட்டிக்குள் இரட்டை முனைக் கேபிள் ஒன்று பிரிக்காமலே கிடந்திருக்கிறது. இரண்டு முனையையும் நேரே கணினியில் செருகச் சொன்னேன். அன்று இரவே மூன்று டிஸ்க் எழுதி முடித்ததாகப் பதில் வந்தது.