அனுமதி கூடினால் கட்டடம் கூடிவிடுமா?

நகரத்தின் கட்டட அனுமதிக் கணக்கு மாதாமாதம் வரும். ஒரு மாதம் "கட்டுமானம் எகிறியது" என்று தலைப்பு, அடுத்த மாதமே "படுத்துவிட்டது" என்று இன்னொன்று. நடுவில் அந்த ஊரில் பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது.

பலரும் சறுக்குவது அனுமதியைக் கட்டடமாகவே எண்ணிவிடும் இடத்தில்தான். அனுமதி ஒரு காகிதம். வரைபடத்தில் முத்திரை விழுந்த பிறகு கடன் கிடைக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் அமைய வேண்டும், அஸ்திவாரம் தோண்ட வேண்டும். தனி வீட்டுக்குச் சில மாதங்கள் போதும், பெரிய அடுக்குமாடி என்றால் இரண்டு மூன்று வருடம்கூட இழுக்கும். சில அனுமதிகள் ஒரு செங்கல்லைக்கூடப் பார்க்காமல் காலாவதியாகும், அதே மனைக்கு மறுபடி வாங்கினால் கணக்கில் இரண்டாவது தடவை ஏறிவிடவும் கூடும். அனுமதி சரிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் எங்கே பார்த்தாலும் கிரேன் நிற்கிறதே என்று குழம்ப வேண்டாம், அவை பழைய அனுமதிகளில் ஓடும் வேலைகள். அதனால் பணி தொடக்கம், பணி நிறைவு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அனுமதியைப் படிக்க வேண்டும்.

அடுத்தது, ஒரே ஒரு மாதத்தை நம்புவது. மாதம் 200 வீடுகளுக்கு அனுமதி தரும் நகரம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 600 வீடுகள் கொண்ட ஒரே ஒரு வளாகம் கையெழுத்தாகிறது, கணக்கு 800, அதாவது 300 சதவீத உயர்வு. மறு மாதம் வழக்கம்போல 200, உடனே 75 சதவீத வீழ்ச்சி! நடந்தது ஒரு கோப்பு நகர்ந்தது மட்டும்தான். மூன்று மாதச் சராசரி, முடிந்தால் பன்னிரண்டு மாதச் சராசரி போட்டுப் பாருங்கள், இந்தக் கூத்து பெருமளவு அடங்கிவிடும்.

மழை, பனி, நீண்ட விடுமுறை எல்லாம் எண்ணிக்கையை ஆட்டும் என்பதால் போன மாதத்தோடு அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் அந்தப் பழைய மாதம் சாதாரணமானதாக இருந்தால்தான்.

கெடு தேதிகளைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. 2015 ஜூனில் நியூயார்க்கில் புதிய அடுக்குமாடிகளுக்கான ஒரு சொத்து வரிச் சலுகை காலாவதியாக இருந்தது, அதற்குள் அனுமதி வாங்கிவிட எல்லோரும் முண்டியடித்தார்கள். அந்த ஒரு நகரத்து அவசரத்தில் அமெரிக்க அனுமதிக் கணக்கே உயர்ந்து, ஜூலையில் சுமார் 16 சதவீதம் விழுந்தது. தேவை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வரிசை முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். கட்டட விதியோ கட்டணமோ மாறப் போகிறது என்றாலும் இதே கதைதான்.

அமெரிக்கக் கணக்கில் இன்னொரு வலை இருக்கிறது. அங்கே மாத எண்ணிக்கையை, இதே வேகம் ஒரு வருடம் நீடித்தால் எத்தனை வீடு என்ற ஆண்டுக் கணக்காக மாற்றித் தருவார்கள், அதை அந்த மாதத்து வீடுகள் என்று எழுதினால் பன்னிரண்டு மடங்கு தப்பு.

சரி, பண மதிப்பை வைத்து அளந்தால்? சிமெண்டும் கம்பியும் விலை ஏறினாலே மதிப்பு ஏறும், வீடு ஒன்றுகூடக் கூடியிருக்காது. வீடுகளின் எண்ணிக்கையையும் சதுர அடியையும் பாருங்கள், இடிக்கப்பட்ட பழைய வீடுகளைக் கழிக்கவும் மறக்காதீர்கள்.

கடைசியாக, முதலில் வரும் எண் பெரும்பாலும் முழுமையானதல்ல. தாமதமாக வரும் படிவங்கள் சேர்ந்த பிறகு போன மாதத்து வரிசையில் சத்தமில்லாமல் திருத்தம் நடக்கும். புது எண்ணைப் பார்த்துக் குதிக்கும் முன் அந்தப் பழைய வரியை ஒருமுறை பாருங்கள், நீங்கள் ஒப்பிட நினைத்த எண்ணே அங்கே இருக்காது.