ஆங்கில வாக்கிய மாற்ற வினாக்களுக்குத் தயாராகும் முறை

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதன் பொருள் மாறாமல் வேறு அமைப்பில் எழுதச் சொல்லும் வினாவை, மலையகத்தில் பல மாணவர்கள் வெறும் இலக்கண வினாவாகவே எண்ணிப் படிக்கிறார்கள். டியூஷன் வகுப்பில் கிடைக்கும் டியூட் எனும் பயிற்சித் தாளிலுள்ள சோடி வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குச் செல்பவர்கள், அங்கே ஒரு சொல் மாறி வந்தாலும் தடுமாறுகிறார்கள். பொருளைக் கைவிடாமல் வடிவத்தை மட்டும் மாற்றும் திறனைத்தான் இவ்வினா சோதிக்கிறது என்பதால், தயாரிப்பும் பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாடசாலைத் தவணைப் பரீட்சைகளில் புதிய வாக்கியத்தின் தொடக்கத்தைத் தந்து மீதியை எழுதக் கேட்பதுண்டு. கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. அதன் வாசிப்பு, மொழிப் பயன்பாட்டு வினாத்தாளில் 75 நிமிடங்களில் 52 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். நான்காம் பகுதியிலுள்ள 6 வினாக்கள் வாக்கிய மாற்றத்துக்கு உரியவை. தரப்படும் சொல்லை எவ்வகையிலும் மாற்றாமல், அதையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களுக்குள் இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்கு அடுத்த நிலையான சி1 அட்வான்ஸ்ட் பரீட்சையில் இந்த எல்லை 3 முதல் 6 சொற்களாகும். ஒவ்வொரு விடையும் இரண்டு பாதிகளாகப் பிரித்துத் திருத்தப்பட்டு, பாதிக்கு 1 புள்ளி வீதம் 2 புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

தமிழில் சிந்தித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் தவறும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவைதான். அவற்றைத் தனியே எடுத்துப் பயில்வதே மிகுந்த பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது, காலம். “த லாஸ்ட் டைம் ஐ வென்ட் டு கேன்டி வோஸ் த்ரீ இயர்ஸ் அகோ” என்ற வாக்கியத்தை “பீன்” என்ற சொல்லைக் கொண்டு மாற்றச் சொன்னால், “ஐ ஹாவன்ட் பீன் டு கேன்டி ஃபோர் த்ரீ இயர்ஸ்” என்று எழுத வேண்டும். தமிழில் “மூன்று வருடமாகப் போகவில்லை” என்கிறோம். “நேற்றுப் போகவில்லை” என்பதற்கும் அதே “போகவில்லை”தான். ஒரே வடிவம் இரண்டுக்கும் பொருந்துவதால், மாணவர் ஆங்கிலத்திலும் சாதாரண இறந்தகாலத்தையே எழுதிவிடுகிறார். அன்று தொடங்கிய நிலை இன்றும் நீடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொண்டால், “ஹாவ்”, “ஹாஸ்” சேர்ந்து வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற கால வடிவம் வர வேண்டிய இடம் தெளிவாகும்.

இரண்டாவது, பிறர் கூற்று. “நான் நாளைக்கு ஹட்டனுக்குப் போகிறேன் என்று அம்மா சொன்னார்” எனும்போது, அம்மாவின் “நான்”, “நாளைக்கு”, “போகிறேன்” ஆகிய மூன்றும் அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் “மை மதர் செட் தட் ஷீ வோஸ் கோயிங் டு ஹட்டன் த நெக்ஸ்ட் டே” என்று மூன்றுமே மாறுகின்றன. ஆள், காலம், நாள் ஆகியவற்றை வரிசையாகச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் இதில் புள்ளி இழக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பிறரைக் கொண்டு செய்விப்பது. தையற்காரர் சீருடையைத் தைத்தார் என்ற பொருளுள்ள வாக்கியத்தை “ஹாட்” என்ற சொல்லால் மாற்றச் சொன்னால், “தைக்கக் கொடுத்தேன்” என்ற நம் வழக்கு மனத்தில் நிற்பதால், கொடுத்தல் என்ற வினையைத் தேடத் தோன்றும். விடை “ஐ ஹாட் மை யூனிஃபோம் மேட்” என்பதாகும். சீருடை முதலில், வினை பின்னர் என்ற ஒழுங்கு இங்கே முக்கியம்.

“மழை பெய்தும்” என்பதற்கு “ஓல்தோ” எழுதினால் அதன் பின் முழு வாக்கியம் வரும். “இன் ஸ்பைட் ஒஃப்” எழுதினால் “த ஹெவி ரெய்ன்” போன்ற பெயர்ச்சொல் தொடர் வர வேண்டும். “ஓல்தோ” வந்த வாக்கியத்தில் “பட்” மீண்டும் வரக் கூடாது. பாதையைத் திருத்துகிறார்கள் என்பதைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றும்போது “த ரோட் இஸ் பீயிங் ரிப்பேர்ட்” என்பதிலுள்ள “பீயிங்” விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாக மடித்து, இடப்புறம் மூல வாக்கியத்தையும் வலப்புறம் மாற்றிய வாக்கியத்தையும் எழுதுங்கள். சில நாட்கள் கழித்து வலப்புறத்தை மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். பின்னர் இடப்புறத்தை மறைத்து, மாற்றிய வாக்கியத்திலிருந்து மூலத்தை மீட்டெடுங்கள். பெரும்பாலானோர் செய்யாமல் விடும் இந்த மீட்டெடுப்பில்தான், இரண்டு வாக்கியங்களும் உண்மையில் ஒரே பொருளைத் தருகின்றனவா என்பது தெரியவரும். “சில பேர் வந்தார்கள்” என்பது திரும்பி வரும்போது “எல்லோரும் வந்தார்கள்” ஆகியிருந்தால், இலக்கணம் சரியாக இருந்தும் விடை பிழையே.

வாக்கியங்களை வினாத்தாள்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டியதில்லை. தேயிலைக் கொழுந்து நிறுப்பது, தாமதமாக வரும் பதுளை ரயில், நுவரெலியாவின் குளிர் என்று நீங்கள் அன்றாடம் காண்பவற்றைப் பற்றி எழுதிய வாக்கியங்கள் மனத்தில் நன்றாகப் பதியும். ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மூல வாக்கியத்தையும் பயன்படுத்த வேண்டிய சொல்லையும் தர, மற்றவர் மாற்றி எழுதலாம். சந்தேகமானவற்றைக் குறித்து வைத்து, ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் சேர்த்துக் காட்டலாம்.

பரீட்சை மண்டபத்தில், இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை வாசித்த பின்னரே எழுதத் தொடங்குங்கள். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் இந்தப் பகுதிக்குச் சுமார் பத்து நிமிடங்களை ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். பாதி விடைக்கும் புள்ளி உண்டு என்பதால் எதையும் வெறுமையாக விட வேண்டாம். எழுத்துப் பிழைக்குப் புள்ளி போய்விடும். இறுதியில் சொற்களை எண்ணும்போது “ஹாவன்ட்” போன்ற சுருக்கங்களை இரண்டு சொற்களாகவும், “கான்ட்” என்பதை மட்டும் ஒரே சொல்லாகவும் கணக்கிடுங்கள்.