குப்பை மெயிலை வடிகட்டும் வேலையை போனுக்குக் கொடுக்காதீர்கள்

காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ போகும்போது ஒரு பிரவுசிங் சென்டரில் ஜிமெயிலைத் திறந்து, விளம்பர மெயில்களைத் தானாகப் பிரிக்கும் வடிகட்டி (ஃபில்டர்) போட்டுவிடுங்கள். போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் இந்த வசதி கிடையாது. தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, இருக்க வேண்டிய சொல்லாக 'அன்சப்ஸ்கிரைப்' (unsubscribe) என்பதை ஆங்கிலத்தில் தட்டி, இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளில் (மெயில்களைப் பிரித்து வைக்கும் பகுதி) சேரும்படி குறித்தால் போதும். முடித்ததும் மறக்காமல் லாக்அவுட் செய்யுங்கள்.

வடிகட்டி கூகுளின் சர்வரிலேயே வேலை செய்கிறது. விளம்பர மெயில்களில் பெரும்பாலானவற்றின் அடியில் அந்தச் சொல் இருக்கும். அவை அங்கேயே ஒதுங்கிவிடும். முகப்பு தாண்டி வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) போனாலே சிக்னல் ஒரு கோடாகிவிடும் நம் பக்கத்துக் கனத்த சுவர் வீடுகளில், நெட் வேகம் முழுக்க தேவையான மெயிலுக்கே மிஞ்சும். கூடவே, மெயிலில் வரும் வெளிப்படங்களை உங்களைக் கேட்டுவிட்டுக் காட்டும்படி அமைப்பில் மாற்றுங்கள். டேட்டா நன்றாகவே மிச்சமாகும்.

வடிகட்டியில் 'டெலிட்' என்பதை மட்டும் குறிக்க வேண்டாம். வங்கி, ரயில் டிக்கெட் மெயில்களிலும் அந்தச் சொல் வரலாம், அதனால் லேபிளை அவ்வப்போது பாருங்கள். லாட்டரி, பரிசு என்று வரும் மோசடி மெயில்களுக்கு இதை நம்ப முடியாது, அவற்றில் பலவற்றில் அந்தச் சொல் இருக்காது. அவற்றை ஸ்பாம் என்று குறித்துவிடுங்கள்.