அபேட் மருந்துக்குக் கொசு எப்போது மசியாமல் போகும்? எக்செலில் கணக்குப் போடும் முறை

நாகர்கோவிலில் என்னிடம் விலங்கியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான். வீட்டுத் தொட்டியில் அபேட் ஊற்றுகிறார்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டியின் புழுக்கள் சாகின்றன. எத்தனை தலைமுறைக்கு இது பலிக்கும்?

எதிர்ப்பு தரும் மரபணு வடிவம் எ, மருந்துக்குச் சாகும் வடிவம் சா. மொத்தத்தில் எ-யின் பங்கு ப. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று வாங்குவதால் கொசுவில் எஎ, எசா, சாசா என மூன்று வகை. ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி அவற்றின் பங்குகள் ப², 2ப(1−ப), (1−ப)². உண்மையில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்யும். தொடக்கத்துக்கு ஒன்று போதும்.

ஊரில் பாதித் தண்ணீரில்தான் மருந்து விழுகிறது என்று வைப்போம். விழுந்த இடத்தில் சாசா முழுக்கச் சாகும், எஎ முழுக்கப் பிழைக்கும், எசா பாதி பிழைக்கும். ஊர் மொத்தத்துக்கும் பார்த்தால் பிழைப்பு எஎ 1, எசா 0.75, சாசா 0.5. பங்கைப் பிழைப்பால் பெருக்கி, மிஞ்சியதில் எ எவ்வளவு என்று பார்த்தால்:

புது ப = ப(0.75 + 0.25ப) ÷ (0.5 + 0.5ப)

எக்செல் தாளின் முதல் கட்டத்தில் ப-வுக்கு 0.01 போட்டுச் சூத்திரத்தைக் கீழே இழுங்கள். 12-ஆம் தலைமுறையில் பாதியைத் தாண்டிவிடும். தலைமுறைக்கு மூன்று வாரம் என்றால் ஓராண்டுகூட ஆகாது.

சரி, இப்போது மருந்து விழுந்த இடத்தில் எசாவும் முழுக்கச் சாகும் என்று மாற்றுங்கள், அதாவது எசாவுக்கும் 0.5. சூத்திரம் ப(1 + ப) ÷ (1 + ப²) ஆகும். 100 தலைமுறை கழிந்தும் பாதி வராது! மற்ற எண்களை மணிக்கணக்கில் திருத்துவதைவிட எசாவின் எண்ணைச் சரியாகப் பிடியுங்கள். அளவு குறைந்த மருந்தைக் கண்டு நான் அஞ்சுவதும் இதனால்தான்: நீர்த்துப்போன மருந்தில் எசா தப்பிவிடும்.

புழுக்களை மருந்தில் விட்டு எத்தனை சாகின்றன என்று பார்க்கும் சோதனையின் முடிவைப் படிக்கும்போதும் இதை மறக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. எசா சாகும் நிலையில் ப 0.1 ஆக இருந்தாலும் எஎ 0.01 தான், ஆகவே 99 சதவீதம் சாகும். மரபணுவில் பத்தில் ஒரு பங்கு எதிர்ப்பு இருந்தும் முடிவு நல்லதாகவே வரும்.

மருந்து படாத பாதியில் குலசேகரம், அருமனை ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே பெருகுவது பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். அது வேறு இனம். எஜிப்டிக்கு சா மரபணுவைக் கொடுக்காது. அதற்குத் தனித்தாள் போடுங்கள்.

அப்புறம், நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மருந்து விழும் மாதங்களுக்கு மட்டும் மேலே சொன்ன எண்கள். மற்ற மாதங்களுக்கு மூன்றுக்கும் 1 போட்டு ஒரு வரைபடம், எதிர்ப்பு கொசுவுக்குப் பாரம் என்று எண்ணி எஎ-க்கு 0.95 போட்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மழை இடைவெளியில் ப எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.