அமெரிக்க விமான நிறுவனங்களை வகைப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப் போக்குவரத்துப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நான் இடறிய இடங்களிலேயே இடறுவதைப் பார்க்கிறேன். மேஜர், லெகசி, ரீஜனல் என்னும் மூன்று வகைப்பெயர்களையும் ஒரே ஏணியின் படிகளாக அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மேஜர் என்பது வருமானத்தையும், லெகசி என்பது வரலாற்றையும், ரீஜனல் என்பது துறையினர் பேச்சில் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் பறப்பதையும் குறிக்கும்.

வால் வண்ணத்தை நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. டெல்டாவின் சின்னம் பூசிய 76 இருக்கை எம்ப்ரேயர் 175 விமானம் ஒன்றின் கதவருகே நின்று பார்த்தால், அதை இயக்குவது ஸ்கைவெஸ்ட் என்னும் ஒப்பந்த நிறுவனம் என்று சிறிய எழுத்தில் இருக்கக் காணலாம். பயணச்சீட்டை விற்பதும் கால அட்டவணையை வகுப்பதும் டெல்டா. விமானிகளும் பணிக்குழுவினரும் ஸ்கைவெஸ்ட்டின் ஊழியர்கள்.

தொடக்க காலத்தில் ஓர் அறிக்கைக்காக, பெரிய நிறுவனமொன்றின் பெயரில் நடந்த பயணங்கள் அனைத்தையும் கூட்டி, அந்நிறுவனத்தின் சொந்த விமானிகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். ஒப்பந்த நிறுவனங்களின் பயணங்கள் கூட்டலில் சேர்ந்துவிட்டன, அவற்றின் விமானிகளோ வகுத்தலில் சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு விமானியும் நடைமுறையில் இயலாத அளவுக்குப் பறப்பதாகக் கணக்கு வந்தது. அறிக்கை அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகே பிழை தெரிந்தது. மூன்று வார வேலையை மறுபடி செய்தோம். சென்ற மாதம் புதியவர் ஒருவரின் அட்டவணையிலும் அதே வகுத்தலைக் கண்டேன். விற்பவருக்கும் இயக்குபவருக்கும் தனித்தனி நெடுவரிசைகளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கணக்குக்கு அப்பாலும் இதற்கு முக்கியத்துவம் உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே விழுந்து 50 உயிர்களைப் பறித்த விமானம் கான்டினென்டல் பெயரில் பறந்தது. இயக்கியது கோல்கன் ஏர் என்னும் ஒப்பந்த நிறுவனம். இணையத்தில் பயணச்சீட்டு விற்பவர்கள் இயக்கும் நிறுவனத்தின் பெயரை தேடல் முடிவின் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது அதன் பிறகுதான்.

ரீஜனல் என்றால் சிறியது என்று கொள்வது

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டினால் மேஜர், 10 கோடிக்கு மேல் நேஷனல், அதற்குக் கீழே ரீஜனல். துறையினர் ரீஜனல் என்றழைக்கும் ஸ்கைவெஸ்ட்டே அந்த அளவுகோலில் மேஜர்தான். எந்த அளவுகோலைக் கையாண்டீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

லெகசி என்றால் பெரியது என்று கொள்வது

விமானக் கட்டணம், வழித்தடங்கள் மீதான அரசின் கட்டுப்பாட்டை நீக்கிய 1978-இன் சட்டத்துக்கு முன்பே மாநிலங்களுக்கிடையே பறந்தவையே லெகசி. 1971-இல் டெக்சாஸுக்குள் மட்டும் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட், எவ்வளவு வளர்ந்தாலும் அதில் சேராது.

பழைய பட்டியல்

வருவாய் மாறினால் வகையும் மாறும். போக்குவரத்துத் துறையின் நடப்பு ஆண்டுப் பட்டியலை எடுங்கள்.